வலிக்கிற கை முதலில்

அந்த வருடம் விவேக் நகரில் என் பக்திக்குத் திடீரென்று பெயர் கிடைத்தது.

கோவிலுக்குள் நுழையும்போது வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போடுவோம் அல்லவா? கை முதலில் நெற்றிக்குப் போகும், பிறகு நெஞ்சுக்கு வரும், அப்புறம் இரண்டு தோள். எனக்கு முதல் ஸ்டாப்பிலேயே வண்டி நின்றுபோனது. வலது கை மோவாய் வரைக்கும் வரும். அதற்கு மேல் ஏற்றினால் தோளுக்குள் யாரோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகுவது போல இருக்கும். இடது கையால் போடலாம்தான். ஆனால் எங்கள் பங்குக் கோவிலில் இடது கையால் சிலுவை போட்டால் பூசை முடிவதற்குள் பத்துப் பேர் காரணம் கேட்டுவிடுவார்கள். காரணத்தைத்தான் நான் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். கை நெற்றிக்குப் போகாவிட்டால் நெற்றி கைக்கு வரட்டும். இடுப்பிலிருந்து வளைந்து, தலையை இறக்கி, காத்திருக்கும் விரல்களில் நெற்றியால் ஒரு முட்டு முட்டுவேன். இடது தோளும் அதே மரியாதையோடு தானாகத் திரும்பி வந்து கையைத் தொட்டுவிட்டுப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய தவசி ஒருவர் ஆண்டவர் சந்நிதியில் உருகி நிற்பது போலவே இருந்திருக்க வேண்டும்.

மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் டீச்சரம்மா ஒருநாள் தன் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி என்னைச் சுட்டிக்காட்டினார்.

"பாத்துக்கோங்க. கொசு அடிக்கிற மாதிரி சிலுவை போடாதீங்க. ஆண்டவர் முன்னால சார் எவ்வளவு தாழ்ச்சியா குனியறார் பாருங்க."

நான் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு சாண் கூடுதலாகக் குனிந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எதற்காக ஒளித்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாதா கெபி இருக்கிறது, குகை மாதிரி கட்டிய சின்னக் கோவில். வருடத்துக்கு ஒருமுறை அதன் திருவிழாவில் மாதாவின் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து நாலைந்து தெரு சுற்றி வருவோம். சக்கரமெல்லாம் கிடையாது. எட்டு ஆள், எட்டுத் தோள். முன்பக்கம் இடது கம்பு என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக என்னுடையது. இடது கம்பைத் தூக்குகிறவன் கம்புக்கு வெளியே நிற்பான். ஆகவே அவனுக்கு வேண்டியது வலது தோள். முன்பக்கம் வலது கம்பு என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தம்பி. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் பின்னால் இருக்கும் ஆறு பேரும் கால் எடுத்து வைப்பார்கள். கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை. அந்தக் கம்பு போய்விடுமே என்பதுதான் பயம். தோள் போனால் போகட்டும், கம்பு போகக் கூடாது. என் கவலை அந்த அளவுக்குத் தெளிவாக இருந்தது.

வலி ஆரம்பித்தது பக்கத்து ஏரியாவான அடுகோடியில். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் ஸ்டோர் கீப்பர். மேல் ராக்கிலிருந்து போல்ட் பெட்டி ஒன்றை எடுக்கக் கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றது, மூச்சும் நின்றது. அன்று சாயந்திரமே வீட்டில் அறிவித்துவிட்டேன், இது மாரடைப்பு என்று.

"நெஞ்சு இந்தப் பக்கம். உங்களுக்கு வலிக்கிறது அந்தப் பக்கம்" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

"சில பேருக்கு இதயம் வலது பக்கம் இருக்குமாம்."

"இத்தனை வருசமா உங்ககூட குடும்பம் நடத்தறேன். உங்களுக்கு அது எந்தப் பக்கமும் இல்ல."

அவளை நம்பாமல் நேரே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாகப்போகிறவன் செய்கிற பெரிய பாவசங்கீர்த்தனம். பள்ளிக்கூட நாளில் மிட்டாய் திருடியதிலிருந்து தொடங்கினேன். பங்குச்சாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"உடம்புக்கு என்ன?"

"தோள் வலி, சாமி."

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு மூன்று அருள்நிறை செபமும், இரண்டு வேளை தைலமும் பரிகாரமாகக் கிடைத்தன.

தைலத்துக்கு அடங்கவில்லை. மனைவி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு யாருக்கும் புரியவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவர் கன்னடக்காரர், எங்கே வலி என்று என்னையே கேட்டார். நான் இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து கன்னடத்திலேயே கோலி விளையாடியவன். ஆனால் பயம் வந்தால் பாஷை கழன்றுவிடும் போலிருக்கிறது. "தோளு, தோளு நோவு" என்றேன். சுத்தக் கன்னடம் என்று என் நினைப்பு. சுத்தக் கன்னடமேதான், அதில்தான் வில்லங்கம். தமிழில் தோள் என்பது கை உடம்போடு சேருகிற இடம். கன்னடத்தில் தோளு என்றால் கை. அவர் என் கையை அழகாக நீட்டி வைத்து, முழங்கையையும் அதற்கு மேல் பாதிக் கையையும் மட்டும் படம் பிடித்து அனுப்பிவிட்டார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு ரொம்ப நல்லா இருக்கே. ஒண்ணும் இல்லையே" என்றார்.

ஒன்றும் இல்லை என்று சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும். எனக்குப் பயம் வந்தது. எக்ஸ்ரேக்கே தெரியாத வியாதி! இரண்டு வாரம் அந்த நினைப்பிலேயே மெலிந்தேன். ஒருநாள் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கேட்டு எழுதுகிற இன்டென்ட் தாளின் பின்பக்கத்தில் உயில்கூட எழுதினேன். எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு சொத்துதான் இருந்தது: முன்பக்கம் இடது கம்பு. அதை யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுபடி போனபோது வேறு ஒரு வயதான டாக்டர் இருந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வலி இங்கே, படம் அங்கே. யாருடைய யோசனை இது?" எக்ஸ்ரேக்காரரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு என்மேல்தான் கோபம்.

"நீவே தானெ தோளு அந்த ஹேளித்து? ஹெகலு அந்த ஹேள்பேக்கல்வா?"

நீங்கதானே தோளுன்னு சொன்னீங்க, ஹெகலுன்னு சொல்ல வேண்டாமா என்று கேட்கிறார். நியாயம்தான். சுமை தூக்குகிற இடத்துக்குக் கன்னடத்தில் ஹெகலு என்று பெயர். இருபத்திரண்டு வருடம் அதில் சப்பரத்தைச் சுமந்தவனுக்கு, அதன் பெயரை வேண்டிய நேரத்தில் சொல்ல வரவில்லை.

டாக்டர் கையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். தோள் உறைந்துவிட்டதாம். உறைவதற்கு நான் என்ன பால் ஐஸா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும், தானாகவே இளகும், தினம் பயிற்சி செய்ய வேண்டும், ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார்.

"டாக்டர், ரெண்டரை மாசத்துல எங்க தெருவுல திருவிழா."

"அதை உங்க தோள்கிட்ட சொல்லிப் பாருங்க."

பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிப் பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். எல்லாருக்கும் அங்கிள், ஆன்ட்டி. தமிழும் கன்னடமும் கலந்து கட்டி அடிப்பாள். முதல் நாளே எதிரில் நின்றுகொண்டு, "அங்கிள், கை மேலெ எத்தி" என்றாள். தூக்கச் சொல்கிறாள்.

"எத்த முடிஞ்சா நான் எதுக்கும்மா இங்க வர்றேன்?"

"முடியலேன்னுதானே எத்தச் சொல்றேன். முடிஞ்சவங்களை நான் ஏன் கூப்பிடறேன்?"

எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. பைபிளில், செபக்கூடத்தில் இருந்த சூம்பின கைக்காரனிடம் ஆண்டவர் சொன்னதும் இதுதானே? கையை நீட்டு என்றார். எந்த வேலை அவனால் முடியாதோ அந்த வேலையைத்தான் செய்யச் சொன்னார். அதற்கும் முன்னால் இன்னொன்று சொன்னார்: எழுந்து நடுவில் வந்து நில். சின்ன வயதிலிருந்து இந்த வாசகத்தைக் கேட்கிறேன். கை குணமானதுதான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அன்று பஸ் கம்பியை இடது கையால் பிடித்து, வலது கை வலி யாருக்கும் தெரியாமலிருக்க அதில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நின்றபோது, அந்த மனிதனுக்கு எது கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிந்தது. அவனும் அந்தக் கையைத் துண்டுக்குள் ஒளித்தவனாகத்தான் இருந்திருப்பான். நீட்டுவது பரவாயில்லை. நடுவில் வந்து நிற்பதுதான் வேதனை. புரிந்ததே தவிர, அப்போது நான் நடுவில் போய் நிற்கவில்லை. புரிவது ஒன்று, செய்வது ஒன்று. நடுவில் எனக்கு எப்போதும் ஒரு பஸ் பயணம் இருக்கிறது.

அந்தப் பெண் இன்னொரு விஷயம் கற்றுக்கொடுத்தாள். நான் சட்டையோடு மல்யுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு "நில்லுங்க, நில்லுங்க" என்று ஓடி வந்தாள்.

"எந்தக் கையை மொதல்ல விடறீங்க?"

"நல்ல கையை."

"அதான் தப்பு. நோவுற கை மொதல்ல. நல்ல கை எப்படியாவது வளைஞ்சு நெளிஞ்சு வந்துக்கும். கழட்டறப்போ நல்ல கை மொதல்ல, நோவுற கை கடைசி. ஞாபகம் வெச்சுக்கோங்க அங்கிள், உடுக்கறப்போ நோவுறதுக்குத்தான் மரியாதை."

செய்து பார்த்தேன். எத்தனையோ நாளாகத் தினம் காலையில் மனைவியும் நானும் சேர்ந்து ஐந்து நிமிடம் போராடுகிற சட்டை, ஒரு நொடியில் ஏறிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டை விஷயத்தில் மட்டுமா நான் அப்படி? என் செபத்தை எடுத்துக்கொண்டாலும் அதே கதைதான். ஆண்டவர் முன்னால் முதலில் நல்ல கையைத்தான் நீட்டுவேன். நன்றி சொல்லுவேன், துதி பாடுவேன், பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் நாட்டுத் தலைவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுவேன், இரண்டு ஜோக் அடிப்பேன். வலிக்கிற இடம் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி சுவர் ஏறுவது. சுவருக்கு எதிரில் நின்று விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே மேலே நடக்கவிட வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எங்கள் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்துச் சுவர்தான் காலியாக இருந்தது. முதல் கோடு ஆண்டவரின் பாதத்துக்குக் கீழே விழுந்தது. இரண்டு வாரம் ஆகியும் அங்கேயேதான் நின்றது. மூன்றாவது வாரம் ஒரு எழுச்சி! நாளுக்கு ஒரு விரற்கடை ஏறி, வாரக் கடைசியில் ஆண்டவரின் முழங்காலைத் தாண்டிவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"கை ஏறல. குதிகால்தான் ஏறியிருக்கு."

நுனிக்காலில் நின்றிருந்தேன். நான் அறியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. தவக்காலத்தில் கறி சாப்பிடாமல் மூன்று வகை மீன் கேட்கிறவன் நான். இந்த மாதிரி ஏற்றம் எனக்குப் பழக்கம்தான். அவளே ஒரு ரப்பரை எடுத்து வந்து கள்ளக் கோடுகளையெல்லாம் அழித்தாள். பழைய கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இன்னொரு பயிற்சியை மட்டும் நான் தொடவேயில்லை. ஒரு நீளக் கழியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை மேலே தள்ள வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கழி ஒட்டடைக் கம்பு. ஒட்டடைக் கம்போடு கூடத்தில் நின்றால், நின்ற இடத்தில் வேறு வேலை வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, சப்பர ஒத்திகை. சுரூபம் இருக்காது, எடைக்கு மூன்று மணல் மூட்டையை வைத்துத் தூக்கிப் பார்ப்போம். அதற்குள் நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். வலது தோள்தானே உறைந்திருக்கிறது? இடது தோள் சும்மாதானே இருக்கிறது? மச்சானோடு பக்கம் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

"மச்சான், இந்த வருசம் நீ இடது கம்பு எடுத்துக்கோ. நான் வலது எடுத்துக்கறேன்."

"இன்னா மாமா திடீர்னு?"

"உன் இடது தோளுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாமேன்னு."

"இருவத்திரண்டு வருசமா என் தோளைப் பத்திக் கவலைப்படாதவரு, இன்னைக்கு மட்டும் இன்னாத்துக்குப் படறீங்க?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் மாற்றிக்கொண்டான்.

என் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. சப்பரத்தைத் தோளில் வைத்துக்கொள்ள ஒரு தோள் போதும். ஆனால் மேடையிலிருந்து தோளுக்கு ஏற்ற இரண்டு கையும் வேண்டும். "மரியே வாழ்க!" என்று மச்சான் குரல் கொடுத்தான். ஏழு பேரின் கம்பு தோளுக்குப் போனது. என் மூலை என் நெஞ்சோடு நின்றுவிட்டது. என் வலது கை மோவாய்க்குக் கீழே நின்று கம்புக்கு டாட்டா காட்டுவது போல ஆடியது. சப்பரம் சாய்ந்தது. மணல் மூட்டைகளில் ஒன்று மெதுவாக, யோசித்துக்கொண்டே வருவது போல என் பக்கம் நழுவி வந்து, மச்சான் ஓரமாகக் கழற்றி வைத்திருந்த புதுச் செருப்பின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. சப்பரத்தைத் திரும்ப மேடையில் இறக்கினார்கள். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாதா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எல்லார் முகத்திலும் இருந்தது.

என் வாயில் நாலு ஜோக் தயாராக இருந்தது. செருப்பைப் பற்றி ஒன்று, மணலைப் பற்றி ஒன்று, முனிசிபாலிட்டியைப் பற்றி இரண்டு. எதை எடுத்தாலும் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். அந்த நேரத்தில் பார்த்து எனக்கு அந்தப் பெண் சொன்ன சட்டை ஞாபகம் வந்தது. நோவுற கை மொதல்ல.

"எனக்குக் கை தூக்க முடியலப்பா" என்றேன். "ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. தோள் உறைஞ்சுபோச்சாம். கம்பு போயிடுமேன்னு சொல்லல."

சொல்லி முடித்ததும் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வந்தது மச்சானின் கால். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினான். முட்டியில் எலாஸ்டிக் பட்டை.

"மூணு வருசமா இது போட்டுனுதான் தூக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவீங்கன்னு சொல்லல."

அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் சட்டையைத் தூக்கி இடுப்பு பெல்ட்டைக் காட்டினார். இன்னொருவருக்குக் குடலிறக்கம், ஆபரேஷனைத் திருவிழாவுக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறார். ஒருவருக்குக் கழுத்து. ஒருவருக்கு எல்லாம் சரி, ஆனால் இருட்டிவிட்டால் கண் சரியாகத் தெரியாது. முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்தே இத்தனை வருடம் நடந்திருக்கிறார். அந்த முன்னால் இருப்பவர் நான். எட்டுப் பேரில் முழு ஆள் மூன்று பேர்கூடத் தேறவில்லை. நாங்கள்தான் மாதாவைத் தூக்குகிறோம் என்று அத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். அந்த நொண்டிக் கூட்டத்தைக் கீழே விழாமல் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று அன்றைக்குத்தான் கணக்கு சரியாக வந்தது. பிறகு வந்தது சிரிப்பு. மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். குடலிறக்கக்காரர் மட்டும், "சிரிக்க வைக்காதீங்கப்பா, வலிக்குது" என்று கெஞ்சினார்.

அவரை அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒதுக்கினோம். கண் தெரியாதவரை முழங்கால் தெம்பான ஒருவரோடு ஜோடி சேர்த்தோம். புதிதாக இரண்டு ஆள் வேண்டும். பின்னாலிருந்த இடத்துக்கு ஒரு ஆள் உடனே கிடைத்தார். முன்பக்கம் இடது கம்புக்கு ஒக்கலிபுரத்துக்காரர் ஒருவரைப் போடலாம் என்றான் மச்சான். நெட்டை ஆள், அதுவரை சப்பரத்துக்கு முன்னால் ஒயர் தூக்கிக்கொண்டு வந்தவர்.

ஒயர் தூக்குவது என்றால், கேபிள் டிவி வந்த பிறகு முளைத்த வேலை. எங்கள் தெருக்களில் மாடிக்கு மாடி ஒயர் தொங்கும். மாதாவின் கிரீடம் அதில் மாட்டாமல் இருக்க, ஒருவர் கவை வைத்த மூங்கிலால் ஒவ்வொரு ஒயரையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். சப்பர வேலைகளில் ஆகக் கீழான வேலை அதுதான். யாரும் அதற்குச் சண்டை போட்டதில்லை.

"அப்ப ஒயர் யாரு தூக்கறது?" என்று கேட்டேன்.

மச்சான் மூங்கிலை என் பக்கம் நீட்டினான்.

"டேய், கையே தூக்க முடியாதவன்கிட்ட ஒயரைத் தூக்கச் சொல்றியே."

"ரெண்டு கையால புடிங்க மாமா. நல்ல கை தள்ளும், இன்னொண்ணு பின்னாடி வரும்."

அவன் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போனவன் இல்லை. நான் மூங்கிலை வாங்கிக்கொண்டேன். ஒட்டடைக் கம்புக்குத் தப்பித்தவனுக்கு அதைவிட நீளமாக ஒன்று காத்திருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பரணிலிருந்து ஒட்டடைக் கம்பை இறக்கிக் கொடுத்தாள். தினம் இருபது தடவை. பத்தாவது நாள் சமையலறைக் கூரையும் சுத்தமாக இருந்தது, நான் சொன்னேனே.

திருவிழா சாயந்திரம். முன்பக்கம் இடது கம்பு ஒக்கலிபுரத்துக்காரரின் தோளில் ஏறியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிறையவே இருந்தது. அவர் நல்ல மனிதர், நேராகத் தூக்கினார், அதுவும் கொஞ்சம் வலித்தது. பேண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் மூங்கிலோடு சப்பரத்துக்கு முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒயர் தூக்குகிறவன் முன்னால் பார்த்து நடக்க முடியாது. கிரீடத்துக்கும் ஒயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பின்பக்கமாக நடக்க வேண்டும், முகம் மாதாவைப் பார்த்து.

இருபத்திரண்டு வருடம் நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். கெபிக்குள் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளைத் தினம் பார்க்கிறேன்தான். ஆனால் தெருவில், சீரியல் பல்பு வெளிச்சத்தில், சப்பரம் ஆடும்போது கூடவே லேசாக ஆடிக்கொண்டு வரும் முகத்தை நான் பார்த்ததேயில்லை. மோவாயில் கொஞ்சம் பெயின்ட் உதிர்ந்திருந்தது. கண் மேலே பார்ப்பது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். கீழேதான் பார்த்தது. சுமக்கிறவர்களின் தலைகளைப் பார்த்தது. இத்தனை வருடம் என் வழுக்கை வளர்ந்ததை அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"அண்ணா, ஒயரைப் பாருங்கண்ணா!" என்று மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "சீரியல் ஓடினு இருக்கு, பிச்சிடாதீங்க!"

மூங்கிலை உயர்த்தினேன். இடது கை தள்ளியது, வலது கை முனகிக்கொண்டே கூடப் போனது. கிரீடம் ஒயருக்கடியில் குனியாமல் தாண்டிப் போனது. அடுத்த ஒயர். அதற்கு அடுத்தது. ஒரு தெரு முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வலித்தது, ஆனால் ஸ்க்ரூ டிரைவர் இல்லை; யாரோ உள்ளே இறுகிப்போன பூட்டுக்கு எண்ணெய் விடுவது போல. மூன்றாவது தெருவில் மச்சான் கம்புக்கடியிலிருந்து கேட்டான்:

"இன்னா மாமா, முட்டி வலிக்குது. அந்தப் பக்கம் எப்படி?"

"சூப்பர் வியூ மச்சான்" என்றேன். "நீ ஒரு தடவை திரும்பிப் பாரு."

"திரும்பினா கவுந்துடும் மாமா."

"அதான் சொல்றேன். உனக்கு இந்த வியூ கிடைக்கணும்னா தோள் போகணும்."

அவன் சிரிக்க, சப்பரம் குலுங்க, பின்னால் இருந்தவர்கள் எங்களை ஒருசேரத் திட்டினார்கள்.

சப்பரம் கெபிக்குத் திரும்பியதும் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிலுவை போட்டேன். பழக்கத்தில் தலையை இறக்கினேன். கை எதிரில் வந்தது. மோவாயைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, புருவத்துக்குக் கிட்டத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. புதுமை, அற்புதம் என்று யாரும் கூவவில்லை. நானும் கூவவில்லை. பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் டேப்பால் அளந்துவிட்டு, "கம்பு வெச்சு மொதல்லயே செஞ்சிருந்தா ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கும் அங்கிள்" என்றாள்.

கை முழுதாக மேலே போக அடுத்த வருடத்தில் பாதி ஆனது. ஒக்கலிபுரத்துக்காரர் வந்து, உங்க கம்பை நீங்களே எடுத்துக்குங்க என்று மரியாதையாகச் சொன்னார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அரை நிமிடம்தான் யோசித்தேன். நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு ஒயர் இருக்கு என்றேன். இன்றுவரை ஒயர்தான். வருடா வருடம் ஒயர் பெருகிக்கொண்டே போகிறது. என் வேலைக்கு ஓய்வு வரும் என்று தோன்றவில்லை.

ஒரே ஒரு நஷ்டம். கை குணமான பிறகு நான் நிமிர்ந்து நின்று, மற்ற எல்லாரையும் போல நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட ஆரம்பித்தேன். மூன்றாவது ஞாயிறு டீச்சரம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், வருத்தமா இருக்கு. முன்ன மாதிரி தாழ்ச்சி இல்லையே உங்ககிட்ட?"

எல்லாவற்றையும் அவருக்கு விளக்கலாமா என்று பார்த்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தேன். கை நன்றாக மேலே போகும் என்று தெரிந்தும், தலையை ஒரு சாண் இறக்கினேன்.